ஊசி முனை காணாமல் போன சனிக்கிழமை

அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில், பாத்திரப் பட்டறையின் தட்டுச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், வேலுமணி குடியிருக்கிறார். முன்பக்கம் சட்டர் போட்ட கூடம். அதில் நான்கு தையல் மெசின். பின்பக்கம் வீடு. பெரிய கம்பெனி வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துத் திருப்பித் தருகிற ஜாப்வொர்க் தொழில். நாற்பத்து மூன்று வயது, முருக பக்தர், செவ்வாய்க்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. பொய் மட்டும் ஏழு நாளும் உண்டு.

தொழிலுக்கு வேண்டிய பொய்தான். "வண்டி கெளம்பிருச்சுங்க" என்றால் துணி இன்னும் மெசினிலேயே ஏறவில்லை என்று அர்த்தம். "ரெண்டே பீஸ்தானுங்க பாக்கி" என்றால் இருநூறு. "கரண்டு போச்சுங்க" என்றால் மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். கம்பெனிக்காரர்களும் சும்மா இல்லை. திங்கட்கிழமை போக வேண்டிய சரக்கை வியாழக்கிழமையே போகிறது என்று சொல்லி வைப்பார்கள். இந்தப் பக்கத்துப் பொய்யில் அந்தப் பக்கத்துப் பொய் கழிந்துபோய், எப்படியோ சட்டையெல்லாம் சரியான தேதிக்குக் கப்பல் ஏறிவிடும். இதற்குத்தான் நம் ஊரில் திட்டமிடல் என்று பெயர்.

பெற்றோரைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளரும் என்று பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எல்லோரும் பேசுகிறார்கள். வேலுமணியின் ஒரே மகள் பூங்குழலி அப்படியே வளர்ந்தாள். ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. அப்பா குளிக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தால் எடுத்து, "டெலிவரிக்குப் போயிருக்காருங்க" என்பாள். அது அப்பா சொல்லிக் கொடுத்தது. "அவிநாசி ரோட்டுல டிராபிக்காமுங்க, இப்பத்தான் பேசுனாரு" என்பது அவளாகச் சேர்த்தது. தலையைத் துவட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த வேலுமணிக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அம்மா சண்முகப்பிரியா மட்டும், "நல்லா வளக்கறீங்க" என்றாள். அதில் பாராட்டு எவ்வளவு என்று அவர் விசாரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கூடத்தில் இருந்தது கைக்குழந்தைகளின் உள்சட்டை. ஆயிரத்து இருநூறு பீஸ். இருபது இருபதாகக் கட்டி அறுபது பண்டில். பண்டிலுக்கு நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு உண்டு. கையெழுத்து அழகாக இருப்பதால் அதை எழுதுவது பூங்குழலி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி வண்டி வரும். ஓரம் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெசினில் வேலுமணியும் சண்முகப்பிரியாவும். கையும் இடுப்பும் மடித்துத் தைக்கிற பிளாட்லாக் மெசினில் குணா என்கிற டெய்லர். தைத்ததைப் பார்த்துப் பிசிறு வெட்டக் கமலாம்பாள். ஐம்பது வயது, கத்தரியை விட வாய் கூர்மை.

மதியம் ஒன்றரைக்குத் தையலும் பிசிறு வெட்டுவதும் முடிந்து எல்லோரும் சாப்பிடப் பின்கட்டுக்குப் போனார்கள். போகும்போது மெயின் சுவிட்சை அணைப்பது முதலாளி வேலை. அன்று முதலாளி போனில் ஒரு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்ததால் மறந்துவிட்டார்.

பூங்குழலிக்கு ரொம்ப நாள் ஆசை. குணாவின் மெசினில் உட்கார்ந்தாள். தைத்து முடித்த அடுக்கிலிருந்து ஒரு பண்டிலை இழுத்து, அதில் ஒரு சட்டையை எடுத்து, ஊசிக்குக் கீழே வைத்துப் பெடலை மிதித்தாள். கம்பெனி மெசின் வீட்டு மெசின் மாதிரி நின்று யோசிக்காது. ஒரே பாய்ச்சல். டக் என்று ஒரு சத்தம். மூன்று ஊசியில் நடு ஊசி பாதியாக நின்றது. மீதியைக் காணோம்.

சட்டையை மடித்து அதே பண்டிலுக்குள் செருகினாள். பண்டிலை அடுக்குக்கு நடுவில் தள்ளினாள். சீட்டில் அவள் கையெழுத்திலேயே முப்பத்தெட்டு என்று இருந்தது. பின்கட்டுக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்குக் குணா மெசினைத் துடைத்து வைக்க உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான்.

"அண்ணா, ஊசி ஒடஞ்சிருக்குதுங்க. முனையைக் காணோமுங்க."

பனியன் தொழிலில் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஊசி ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெசின் நம்பரும் உடைத்தவர் பெயரும் எழுதினால்தான் புது ஊசி. துண்டு கிடைக்காமல் ஒரு பீஸும் வெளியே போகக் கூடாது, ஒரு ஆளும் எழுந்து போகக் கூடாது. வெளிநாட்டுக்காரன் போட்ட சட்டம். அவன் ஊர்க் குழந்தை அல்லவா போட்டுக்கொள்ளப் போகிறது.

வேலுமணி போய்ச் சட்டரை இறக்கினார். சித்திரை மாத வெயிலில் தகரக் கூரை ஏற்கெனவே கொதித்தது. சட்டரும் இறங்கியதும் கூடம் இட்லிக் குண்டா ஆயிற்று.

"திங்கப் போவறப்பவே ஒடச்சுட்டுச் சொல்லாம போயிட்டியா குணா?"

"இல்லீங்கண்ணா. முருகன் சத்தியமா நான் ஒடைக்கலீங்க."

"முருகனை எதுக்குடா இழுக்கறே?" என்றாள் கமலாம்பாள். "அவரு கையில இருக்கறதும் கூர்தான். அப்பறம் அவரையும் செக் பண்ணச் சொல்லுவாங்க."

"அக்கா, வெளையாடாதீங்க. ஆறு மணி பஸ்ஸுக்கு நான் வெள்ளகோவில் போகோணும். நாளைக்குக் காலைல அக்கா பையனுக்குக் காதுகுத்து. என்ர மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். தாய்மாமன் இல்லாம ஆசாரி ஊசியைத் தொடவே மாட்டாரு."

"அங்கயும் ஊசிதானா? நல்ல ராசி உனக்கு."

பூங்குழலி துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். கை வந்த கலை சும்மா இருக்குமா?

"பூனை வந்துச்சுங்கப்பா" என்றாள். "மெசின் மேல குதிச்சுது. நான் பார்த்தேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எந்தப் பூனை கண்ணு?" என்றாள் கமலாம்பாள். "அதுக்குப் பெடல் எட்டுமா?"

பூங்குழலி மேற்கொண்டு பூனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதன் நிறத்தைக் கேட்பார்கள்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வீட்டில் இருந்தது. வேலுமணி அதில் நூலைக் கட்டித் தரை முழுக்க இழுத்தார். ஸ்டேப்ளர் பின், கொண்டை ஊசி, திருகாணி, கத்தரியின் ஒடிந்த முனை எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன. பிளாட்லாக்கின் கால் பக்கம், சிமெண்டு பெயர்ந்த வெடிப்பில் காந்தத்தை வைத்ததும் பொடியாக ஒன்று ஏறிற்று. ஊசி முனை.

குணா கும்பிடவே போய்விட்டான். வேலுமணி டியூப்லைட்டுக்கு அடியில் நின்று, மெசினில் மிச்சமிருந்த பாதியோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை. இது துருப்பிடித்த முனை. இன்று உடைந்த ஊசி நேற்றுப் போட்டது, வெள்ளையாக மின்னியது. வேலுமணி அந்தத் துரு முனையை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒவ்வொரு பீஸா கையில தடவிப் பாக்கறதுதான். வேற வழி இல்ல" என்றார். "ஒண்ணாம் நம்பர்ல இருந்து எடுங்க."

கம்பெனிக்குப் போன் போட்டார். "ராஜவேலு, பீஸ் இன்னும் இங்கதான் இருக்குதுங்க. ஊசி முனையைக் காணோம்." கம்பெனி சார்பில் ஜாப்வொர்க் இடங்களுக்குப் போய்த் தரம் பார்க்கிற ராஜவேல் மறுமுனையில் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான்கு பேரும் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து தடவினார்கள். சட்டையைப் புரட்டி, கழுத்து ரிப் பட்டி, தோள், கை மடிப்பு, இடுப்பு மடிப்பு என்று உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி. ஒரு பீஸுக்கு ஒன்றரை நிமிடம். நான்கு மணி ஆகும்போது பதினோரு பண்டில் முடிந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் கடைசிப் பண்டிலைத் தொட ராத்திரி பத்தாகும். இதைப் போட்டுப் பார்க்க யாருக்கும் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

குணாவின் போன் நான்கு தடவை அடித்தது. நான்கு தடவையும் அவன் அக்கா. "வந்துர்றேன்க்கா. நான் ஒடைக்கலக்கா. நம்பு" என்று சொல்லிச் சொல்லி அவன் குரலே தேய்ந்துவிட்டது. அக்காவே நம்பவில்லை என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

பூங்குழலி இரண்டு முறை கக்கூஸுக்குப் போனாள். மூன்றாம் முறை எழுந்தபோது அம்மா, "வயிறு சரியில்லையா சாமி?" என்று கேட்டு நெற்றியைத் தொட்டாள். தேடித் தேய்ந்த கை, நுனி சிவந்திருந்தது. முப்பத்தெட்டு என்ற நம்பர் அடுக்கின் நடுவிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் இருபது பீஸ். சொல்லாவிட்டால் ஆயிரத்து இருநூறு. ஏழாம் வகுப்புக் கணக்கிலேயே சுலபமான கணக்கு. ஆனால் இரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். பூனைக் கதையையும் அவிழ்த்துவிட்டு, குணாண்ணனையும் இரண்டு மணி நேரம் வியர்க்க வைத்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நிமிடமும் விலை ஏறிக்கொண்டே இருந்தது.

நாலேகாலுக்குச் சட்டரைத் தட்டிக்கொண்டு ராஜவேல் வந்தார். முப்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்கண்ணா, நெசமாவே பீஸ் இங்கதான் இருக்குதா? வேலுமணியண்ணன் இங்க இருக்குதுன்னு சொன்னா, சரக்கு ஜெர்மனி போய்ச் சேந்திருக்கும்னு நெனச்சுட்டேன்."

ராஜவேல் குனிந்து உள்ளே வந்தார். குணா விஷயத்தைச் சொன்னான். துரு முனையைப் பற்றியும் சொன்னான்.

"அதான் ஒரு முனை கெடச்சிருச்சேங்க. அதை ஒட்டுங்க."

"அது இந்த ஊசியோடது இல்லீங்க" என்றார் வேலுமணி.

"அண்ணா, டேப்புக்கு அடியில போயிட்டா எல்லா முனையும் ஒரே முனைதானுங்க. தொடச்சுட்டு ஒட்டுங்க. இல்லாட்டிப் புது ஊசி ஒண்ணை ஒடைங்க. இந்த ஊர்ல யாரு பண்ணாதது?"

"கம்பெனில டிடெக்டர் இருக்குதேண்ணா" என்றான் குணா, ஆசையாக. "உள்ள முனை இருந்தாக் கத்துமே."

"அது ரெண்டு வாரமா எதுக்குமே கத்தறதில்ல குணா. நேத்து என்ர பைக் சாவியை உட்டுப் பார்த்தேன். பச்சை லைட்டு எரிஞ்சுது. சர்வீஸ்காரன் புதன்கிழமை வர்றானாம்."

சண்முகப்பிரியா புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, தம்பி சொல்றாப்புல…" என்று ஆரம்பித்து, கையிலிருந்த சட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை அகலம்தான் இருந்தது அந்தச் சட்டை.

வேலுமணி எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து பழைய ஊசி ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்து வந்தார். பக்கங்களைப் புரட்டி ஒரு இடத்தில் நிறுத்தி, ராஜவேலுக்கு முன்னால் வைத்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. டேப்புக்குக் கீழே ஊசியின் இரண்டு துண்டு.

"இது பொய்யி" என்றார். "அன்னைக்கும் முனையைக் காணோம். ஒரு மணி நேரம் தேடுனேன். வண்டி வந்து நின்னுட்டு ஹாரன் அடிச்சான். புது ஊசியைக் கொறடுல புடிச்சு ஒடச்சு ஒட்டிட்டனுங்க. அதும் கொழந்தைச் சட்டைதான்."

"என்ர கிட்டக் கூடச் சொல்லலையே?" என்றாள் சண்முகப்பிரியா.

"சொல்லி? நீயும் சேந்து முழிச்சுட்டுப் படுத்திருக்கவா?" அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "அன்னையிலிருந்து எந்தப் பச்சைப் புள்ளை அழுதாலும் என்ர கண்ணு அது போட்டுருக்கற சட்டைக்குத்தான் போகும். எதிர்ஊட்டுக் கொழந்தை ஒரு நா விடாம அழுதுச்சு. எடுத்துக் கொஞ்சறாப்புல கொஞ்சிட்டு, கழுத்துல லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் போக மிச்சப் பீஸெல்லாம் நம்மூர்ப் புள்ளைகதானே போடுது. அந்தச் சட்டை வேற கம்பெனி. கொழந்தைக்கு வயித்துவலியாம்."

துரு முனையை ரெஜிஸ்டர் மேல் வைத்தார்.

"இது அன்னைக்குத் தொலஞ்ச முனைன்னு நெனைக்கறனுங்க. அதே மெசினு. மூணு வருசமா காலடி வெடிப்புலயே கெடந்திருக்குது."

"அப்ப பயந்ததெல்லாம் வீணுதானேங்கண்ணா?" என்றான் குணா.

"வீணுன்னு இன்னைக்குத்தானே தெரியுது."

ராஜவேல் ஒரு பேனாவை எடுத்து மறுபடியும் பையில் குத்திக்கொண்டார். வேலுமணி பன்னிரண்டாம் பண்டிலைப் பிரித்தார்.

அப்பா எத்தனையோ பேரிடம் எத்தனையோ கதை சொல்லிப் பூங்குழலி கேட்டிருக்கிறாள். யாரும் கேட்காமல், யாரும் பிடிக்காமல், வண்டி வருகிற நேரத்தில் தன் கதையைத் தானே பிய்த்துப் போட்டு அவள் பார்த்ததில்லை. அப்பாவின் முகம் அப்போது அவ்வளவு நன்றாகவும் இல்லை. வேர்த்து வழிந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் உட்கார்ந்து சட்டையைத் தடவிக்கொண்டுதான் இருந்தார். கூரை விழவில்லை.

"முப்பத்தெட்டு" என்றாள்.

"என்ன கண்ணு?"

"முப்பத்தெட்டாம் பண்டில்ல இருக்குதுங்கப்பா. நான்தான் உக்காந்து ஓட்டுனேன். நீங்கெல்லாம் சாப்பிடப் போனப்ப."

சண்முகப்பிரியாவின் கை ஓங்கியது, இறங்கவில்லை. கமலாம்பாள், "பூனை வந்துருச்சு" என்று மெதுவாகச் சொன்னாள்.

குணா எழுந்து நின்றான். அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இப்போதும் சத்தம் போடவில்லை. "ரெண்டு மணி நேரம்" என்றான். "என்ர மூஞ்சியவே பார்த்துட்டு அந்த மூட்டை மேல உக்காந்திருந்தியே கண்ணு. நான் சத்தியமெல்லாம் பண்ணுனேன்."

"பயமா இருந்துச்சுங்கண்ணா."

"எனக்கு இல்லியா?"

தயாராக ஒரு பதில் இல்லாமல் பூங்குழலி நின்றது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

வேலுமணி திட்டவில்லை. பண்டிலை உருவி, சீட்டைப் பார்த்து, பிரித்தார். ஏழாவது சட்டையில், கை மடிப்புக்குள், அவர் உள்ளங்கை நின்றது. மடிப்பைத் திருப்பினார். முனை வெள்ளையாக மின்னியது. மெசினில் இருந்த பாதியைக் கழற்றிச் சேர்த்தார். உடைந்த வாயோடு வாய் பொருந்திற்று. கமலாம்பாள், "அப்பனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராஜவேல் சுறுசுறுப்பானார். புது ரெஜிஸ்டர் வந்தது. டேப் வெட்டி இரண்டு துண்டையும் ஒட்டினார்கள். தேதி. நேரம். மெசின் நம்பர் மூன்று. அடுத்த கட்டம், ஊசியை உடைத்தவர் பெயர்.

பேனா நின்றது.

"என் பேரை எழுதுங்கப்பா" என்றாள் பூங்குழலி. நல்ல காரியத்தை அரைகுறையாக விடக்கூடாது என்கிற வேகம்.

"எழுதுங்க, எழுதுங்க" என்றார் ராஜவேல். "அப்படியே வயசு பன்னெண்டுன்னும் சேத்து எழுதுங்க. மாசக் கடைசியில ஆடிட்காரன் வந்து இந்தப் பக்கத்தைத்தான் மொதல்ல புரட்டுவான். கொழந்தையை வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு நாலு மெசினுக்கும் சீல் வெப்பான். எங்க கம்பெனிக்கும் சேத்து. அண்ணா, பாப்பா சொன்னது என்ர காதுல உழவே இல்லீங்க. நான் இப்பத்தான் உள்ள வந்தேன்."

"அது வேல செய்யலையே, வெளையாடுச்சு" என்றாள் சண்முகப்பிரியா.

"அக்கா, ரெஜிஸ்டர்ல வெளையாட்டுக்குக் கட்டம் இல்லீங்க."

குணா கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டான். "என் பேரையே போடுங்கண்ணா. மத்தியானத்திலிருந்து அதுதானே ஓடுது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"குணாண்ணன் பேரை எழுதக் கூடாது" என்றாள் பூங்குழலி. சொன்ன வேகத்தில் அவளே திடுக்கிட்டாள். ஆனால் விடவில்லை. ரெஜிஸ்டரின் அந்தக் கட்டத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "அவரு ஒடைக்கல. எழுதக் கூடாதுங்கப்பா."

குணா அவளைப் பார்த்தான். "நான் வர்றேனுங்க" என்று சட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து வெளியேறினான். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. மற்ற பண்டில்களைக் கமலாம்பாள் வாசல் பக்கம் அடுக்கத் தொடங்கினாள். வெளியே கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டது.

"கையை எடு கண்ணு" என்றார் வேலுமணி.

எடுத்தாள். அவர் அந்தக் கட்டத்தில் 'பொ. வேலுமணி' என்று எழுதினார். நிதானமாக, எழுத்து எழுத்தாக.

பூங்குழலி அதைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"நீங்க ஒடைக்கலையே."

"இல்ல."

"அப்ப இதும் பொய்தானுங்களே?"

"ஆமா கண்ணு."

"அப்பறம்?"

வேலுமணி யோசித்தார். பொய்யிலேயே இருபது வருடம் பழகின மனிதருக்கு அந்த நேரத்தில் எத்தனையோ பதில் வந்திருக்கும். மெயின் சுவிட்சை அணைக்காமல் போனது நான்தானே என்று சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். பெரியவள் ஆனால் புரியும் என்று எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொல்லியிருக்கலாம்.

"அப்பறம் எனக்குத் தெரீல" என்றார்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. ராஜவேல் பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். மின்விசிறிக் காற்றில் பக்கம் படபடவென்று புரண்டது. பூங்குழலி ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலுக்குப் பக்கத்திலேயே, நேராக, அழுத்தமாக, 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது.